கையைக் கண்டால் மிரளும் கெக்கோ: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

வீட்டில் வளர்க்கப் புதிதாக வந்த கெக்கோ என்னும் பல்லி கையைக் கண்டதும் ஓடும், அல்லது சீறும், அல்லது கடிக்கும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். நான்கும் பயத்தில் பிறப்பவைதான் என்றாலும் நான்குக்கும் மருந்து ஒன்றல்ல. “தினமும் கையில் எடுங்கள், தானாகப் பழகிவிடும்” என்ற பொத்தாம்பொதுவான அறிவுரை ஊர்வன வளர்ப்பவர்களிடம் அடிக்கடி காதில் விழும். துணிச்சலான சில கெக்கோக்களிடம் அது பலிக்கவும் செய்யும். மிரண்ட சுபாவம் உள்ளதிடம் அதையே செய்தால், கை வந்தால் போராட வேண்டும் என்ற ஒரே பாடத்தைத்தான் அது படிக்கும்.

எதிர்பார்ப்பை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. தடவிக் கொடுத்தால் கெக்கோ மகிழ்கிறது என்று நம்ப நமக்கு ஆசையாக இருக்கலாம். அதற்கு ஆதாரம் குறைவு. நாம் எட்டக்கூடிய இலக்கு ஒன்றுதான்: இந்தக் கை வந்தாலும் போனாலும் தன் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று அது கண்டுகொள்வது. அந்த நிலைக்கு வந்த கெக்கோ கையின்மேல் ஏறும், நக்கிப் பார்க்கும், நடக்கும், கதகதப்பாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் உட்காரும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் உபரி. கீழே சொல்லப்போகும் தீர்வுகள் எல்லாமே, உங்கள் கையைக் கெக்கோவுக்குச் சலித்துப்போன பொருளாக மாற்றும் முயற்சிகள்தான்.

இவை பெரும்பாலும் லெபர்ட் கெக்கோவுக்கும் கிரெஸ்டட் கெக்கோவுக்கும் பொருந்தும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் பாறைப் பொட்டல்களைச் சேர்ந்த லெபர்ட் கெக்கோ தரையில் வாழ்வது. கண்ணுக்கு இமை உண்டு, விரலில் ஒட்டும் பட்டை கிடையாது. நியூ கலிடோனியத் தீவுகளின் கிரெஸ்டட் கெக்கோ மரவாசி. இமை கிடையாது, விரல் ஒட்டும், நினைத்த நொடியில் தாவும். பகல் கெக்கோ இனங்களைக் கையில் பிடிக்கவே வேண்டாம். அவற்றின் தோல் லேசான பிடியிலேயே கிழிந்துவிடும். டோக்கே கெக்கோவின் கதை தனி, கடைசியில் வருகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் அது வாழும் தொட்டியைப் பாருங்கள்

கையில் பழக மறுக்கிறது என்று வரும் புகார்களில் பல, கெக்கோவைத் தொடாமலே தீரக்கூடியவை. சூடு போதாவிட்டால் அதற்குச் செரிமானம் ஆகாது. சூடு மிஞ்சினால் நிலைகொள்ளாமல் தவிக்கும். ஒளிய இடமில்லாவிட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் தப்பியோடத் தயாராகவே இருக்கும். அந்த நிலையில் உள்ள விலங்கிடம் கையை நீட்டி நட்பு பாராட்டுவதில் அர்த்தமில்லை.

லெபர்ட் கெக்கோவுக்குச் சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 டிகிரி. அளக்க வேண்டியது கெக்கோ வயிற்றை வைத்துப் படுக்கும் தரையை. கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வட்ட வெப்பமானி அந்தத் தரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சூடேற்றும் சாதனம் எதுவானாலும் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டாம். கிரெஸ்டட் கெக்கோவுக்கு 22 முதல் 26 டிகிரி போதும். 28-ஐத் தாண்டினாலே அதற்கு அவஸ்தை.

லெபர்ட் கெக்கோவுக்கு மறைவிடம் மூன்று தேவை: சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, உள்ளே ஈரப்பாசியோ ஈர டிஷ்யூவோ வைத்தது ஒன்று. முதுகும் விலாவும் சுவரில் உரசும் அளவுக்குக் குறுகலாக இருந்தால்தான் அது பத்திரமாக உணரும். விசாலமான குகை நம் கண்ணுக்கு மட்டுமே அழகு. கிரெஸ்டட் கெக்கோவுக்குத் தொட்டியின் பின்புறமே தெரியாத அளவுக்கு இலையும் கிளையும் அடர்ந்திருக்கட்டும். “இத்தனை இலை இருந்தால் நான் அதைப் பார்ப்பதே அரிதாகிவிடுமே” என்பார்கள். உண்மையில் நடப்பது நேர்மாறு. ஓடி ஒளிய இரண்டடியில் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கெக்கோ தைரியமாக வெளியே வந்து உலவும்.

தொட்டி எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நண்பர் ஒருவரின் லெபர்ட் கெக்கோ எப்போது பார்த்தாலும் துள்ளிப் பதறிக்கொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒலிபெருக்கி இருந்தது; ஒவ்வொரு தாளத்துக்கும் மேசை அதிர்ந்துகொண்டிருந்தது. தொட்டியை வேறு அறைக்கு மாற்றிய பிறகுதான் அந்த விலங்கின் உண்மையான குணம் என்னவென்றே தெரிந்தது. அடித்துச் சாத்தப்படும் கதவு, நாலு பக்கமும் ஆள் நடமாடும் நடைபாதை, கண்ணாடியை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பூனை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

வந்த முதல் இரண்டு வாரம் கையில் எடுக்க வேண்டாம். தண்ணீர் மாற்றுவது, எச்சத்தை அள்ளுவது, உணவு வைப்பது, அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாட்காட்டியைவிட நம்பகமான அளவுகோல், அது ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, ஒழுங்காக எச்சமிடுகிறதா என்பதுதான். இரண்டும் நடந்தால் பத்தாம் நாளே ஆரம்பிக்கலாம்; நடக்காவிட்டால் மூன்று வாரமானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

“பகல் முழுவதும் ஒளிந்தே கிடக்கிறது”

கிடக்கட்டும். லெபர்ட் கெக்கோ அந்தியிலும் விடியலிலும் நடமாடுவது. கிரெஸ்டட் கெக்கோ இரவில் விழிப்பது. விளக்கை மங்கலாக்கிவிட்டு இருட்டத் தொடங்கும் நேரத்தில் பாருங்கள். இரவிலும் வெளியே வரவில்லை, வைத்த உணவும் அப்படியே கிடக்கிறது என்றால் மேலே சொன்ன சூட்டையும் மறைவிடங்களையும் மறுபடி சோதியுங்கள்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு: மறைவிடத்தைத் தூக்கி, உள்ளிருப்பதைக் கையில் எடுப்பது. கூரையே பறந்துபோய், மேலிருந்து ஒரு பெரிய உருவம் அள்ளிக்கொண்டு போகிறது என்றால், இனி எங்கே ஒளிந்தாலும் பயனில்லை என்று அது முடிவு கட்டிவிடும். சுத்தம் செய்வதற்காகத் தூக்கியே ஆக வேண்டுமென்றால் அது வேறோர் இடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

“கை உள்ளே போனதும் ஓடுகிறது”

கை எந்தத் திசையிலிருந்து போகிறது? மேலே திறக்கும் தொட்டியானால் கை பெரும்பாலும் தலைக்கு மேலிருந்து இறங்கும். பறவை இறங்குவதும் அப்படித்தான். கையைத் தொட்டியின் மறுமுனையில் இறக்கி, தரையோடு தரையாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி ஓட்டம் அடங்குவது உண்டு. முன்பக்கம் கதவு வைத்த தொட்டிகளை நான் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணமும் இதுதான்.

அதன் பிறகு செய்ய வேண்டியது, பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் வேலை. மாலையில் கையைக் கழுவுங்கள். வாசனை சோப்போ, கிருமிநாசினி ஜெல்லோ, கிரீமோ வேண்டாம். உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, கெக்கோவுக்கு ஓரடி தூரத்தில் தரையில் வையுங்கள். அதைத் துரத்தாதீர்கள், விரலை ஆட்டாதீர்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கையை மெதுவாக எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். மறுநாளோ அதற்கு மறுநாளோ திரும்பச் செய்யுங்கள். முதலில் ஓடும். பிறகு மறைவிட வாசலில் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். பிறகு ஒருநாள் நாலடி எடுத்து வைத்து வந்து விரல்நுனியை நக்கும். கெக்கோ நாக்கால் திரட்டும் வாசனையை மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பு பகுத்தறிகிறது. ஆகவே அது நக்குவதை விசாரணை என்று எடுத்துக்கொள்ளலாம். நக்கியதும் உற்சாகத்தில் அதைத் தூக்கிவிடாதீர்கள். பலர் காரியத்தைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். விசாரிக்க வந்ததற்குத் தண்டனையாக அதைப் பிடித்துத் தூக்கினால் அடுத்த முறை விசாரிக்க வராது.

நக்கிவிட்டு விலகாமல் நிற்கத் தொடங்கிய பிறகு, கையின் மறுபக்கத்தில் இடுக்கியால் ஒரு புழுவைக் காட்டலாம். புழுவை எட்ட அது முன்கால் இரண்டையும் கைமேல் வைக்கும். பின்னொரு நாள் நான்கு காலையும் வைக்கும். அது தானாக ஏறிய கையை இன்னும் சில நாட்கள் தரையிலேயே வைத்திருங்கள். பிறகு ஓரங்குலம் உயர்த்துங்கள், இறக்குங்கள். கிரெஸ்டட் கெக்கோவாக இருந்தால் கையைக் கிளைக்குச் சமமான உயரத்தில், அதன் மூக்குக்கு முன்னால் நீட்டி, வாலடியைப் பின்னிருந்து மற்றக் கையின் விரலால் மிக லேசாகத் தொடலாம். அது முன்னோக்கி நடந்து கைக்கு வந்துவிடும்.

உடுத்திய துணியில் ஒரு துண்டைத் தொட்டிக்குள் போட்டு உங்கள் வாசனையைப் பழக்கும் உத்தி ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. செய்யலாம், கெடுதல் இல்லை. நகம் சிக்கும் நூல் பிரியாமல் இருந்தால் சரி. ஆனால் அதை மட்டும் நம்பிக் கையை உள்ளே வைக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். துணி நகராது, கை நகரும். அது பயப்படுவது நகரும் பொருளைப் பார்த்து.

“கையில் அசையாமல் இருக்கிறது, பழகிவிட்டதா?”

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லாதீர்கள். என் கணக்கில் இதுதான் எல்லா அறிகுறிகளிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. ஓட வழியில்லாத சிறு விலங்கு கடைசியாகச் செய்வது உறைந்துபோவது. அசைவைப் பார்த்து வேட்டையாடும் எதிரியிடமிருந்து அசையாமை காப்பாற்றும். வெளிப்பார்வைக்கு அது சாதுவாக உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும்.

வேறுபாட்டை அருகிலிருந்து பார்த்தால் கண்டுபிடிக்கலாம். பயத்தில் உறைந்த கெக்கோவின் வயிறு கையில் படிந்திருக்காது. நான்கு காலும் விறைத்து, உடம்பு கையிலிருந்து ஒரு நூல் உயர்ந்து நிற்கும். அல்லது நேர்மாறாக, உடம்பை ஒட்ட அழுத்திக்கொண்டு விரல்களால் தோலை இறுகப் பற்றியிருக்கும். மூச்சு வேகமாக இருக்கும். தொண்டையும் விலாவும் படபடக்கும். கண் விரிந்திருக்கும், நாக்கு வெளியே வரவே வராது. அமைதியாக இருப்பதன் உடம்பு தளர்ந்திருக்கும். வயிற்றின் மெத்தென்ற எடை உள்ளங்கையில் உணரக் கிடைக்கும். தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கும், அவ்வப்போது நாக்கை நீட்டும், இரண்டடி நடந்து நின்று மறுபடி நடக்கும். நாக்குதான் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம்: சுற்றுப்புறத்தை ஆராயும் அளவுக்கு நிதானம் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

லெபர்ட் கெக்கோ கையில் கண்ணை மூடினால் தூங்குகிறது என்று பூரித்துப்போக வேண்டாம். உடம்பு தளர்ந்து மூச்சு சீராக இருந்தால் ஓய்வு. உடம்பு விறைத்து இமையை இறுக்கியிருந்தால் பயம். எப்போது பார்த்தாலும் ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தால் அது பழக்கும் பிரச்சினையே இல்லை. இமைக்கடியில் பழைய தோல் சிக்கியிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் பதறிக் கீழே விடாதீர்கள். கையைத் தொட்டிக்குள் கொண்டுபோய்த் தரையில் வைத்து, அது தானாக இறங்கும்வரை காத்திருங்கள். மறுமுறை ஒரு படி பின்வாங்கி, கையைத் தரையில் வைக்கும் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

“சீறுகிறது, கத்துகிறது, வாலை ஆட்டுகிறது”

குட்டிகளிடம்தான் இது அதிகம். லெபர்ட் கெக்கோக் குட்டி நான்கு காலில் எழும்பி, முதுகை வளைத்து, தன் உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத ஓர் அலறலைக் கிளப்பும். விரல் நீளமே உள்ள ஒரு ஜீவனுக்குத் தற்காப்பு என்று இருப்பது அந்த நாடகம் ஒன்றுதான். வளர வளரப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாலின் அசைவை மட்டும் கவனமாகப் படியுங்கள். முழு வாலும் உயர்ந்து மெதுவாக, அலை அலையாக இப்படியும் அப்படியும் அசைந்தால் அது எச்சரிக்கை. உன்னைப் பார்த்துவிட்டேன், கடிப்பதானால் இந்த வாலைக் கடி என்பதுதான் அதன் பொருள். வால்நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் இரையைக் கண்ட பரபரப்பு. ஆண் கெக்கோ பெண்ணைக் கண்டாலும் இதே துடிப்பைக் காணலாம். முதலாவதைப் பார்த்தால் கையை நகர்த்தாதீர்கள். இரண்டாவதைப் பார்த்தால் கையில் புழு வாசனை இருக்கிறதா என்று யோசியுங்கள்.

சீறும்போது கையை வெடுக்கென்று இழுக்காமல் இருப்பதுதான் இங்கே உள்ள சூட்சுமம். சீறினால் கை ஓடிவிடுகிறது என்று ஒருமுறை தெரிந்தால் போதும், அதுவே வழக்கமாகிவிடும். அதற்காகச் சீறச்சீற அதை நெருங்கவும் கூடாது. கை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அது வாலைத் தாழ்த்தி, உடம்பைத் தரைக்கு இறக்கி, பார்வையைத் திருப்பியதும் கையை மெதுவாக எடுங்கள். நீங்கள் விலகுவது அதன் கோபத்துக்குப் பரிசாகாமல் அமைதிக்குப் பரிசாக அமையும்.

“கடித்துவிட்டது”

லெபர்ட், கிரெஸ்டட் இரண்டின் கடியும் வலியைவிட அதிர்ச்சியைத்தான் அதிகம் தரும். தோல் கிழிவது அரிது. விஷம் கிடையாது. விடாமல் பிடித்திருந்தால் இழுக்கக் கூடாது. அதன் சிறிய பற்களும் தாடையும் சேதமாகும். கையைத் தொட்டிக்குள் தரையில் வைத்துக் காத்திருங்கள். காலுக்குக் கீழே தரை கிடைத்ததும் பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எந்த வகைக் கடி என்று பார்ப்பது அடுத்த வேலை. வாயைத் திறந்து, சீறி, கொத்திவிட்டு உடனே பின்வாங்கினால் அது பயக்கடி. மேலே சீறலுக்குச் சொன்னதே இதற்கும் மருந்து. சத்தமில்லாமல் வால்நுனி துடிக்கப் பதுங்கிவந்து, விரலைக் கவ்விக்கொண்டு விடாமல் இருந்தால் அது பசிக்கடி. அதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான்: புழுவை விரலால் பிடித்து ஊட்டினால் விரலும் உணவுப் பட்டியலில் சேர்ந்துவிடும். உணவை இடுக்கியால் மட்டும் கொடுங்கள், அல்லது கிண்ணத்தில் வையுங்கள். சில்வண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் கெக்கோவிடம் நீட்டாதீர்கள். சாப்பாட்டு வேளையும் கையில் எடுக்கும் வேளையும் வேறுவேறாக இருக்கட்டும்.

இந்த இடத்தில் சுகாதாரம் பற்றி ஒரு வார்த்தை. ஆரோக்கியமாகத் தெரியும் கெக்கோவின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொடுவதற்கு முன் கையைக் கழுவுவது கெக்கோவுக்காக. தொட்ட பின் கழுவுவது உங்களுக்காக. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதைக் கையில் கொடுக்காதீர்கள், கெக்கோவை முத்தமிடாதீர்கள், சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரங்களைக் கழுவாதீர்கள்.

“கைமேல் ஏறுகிறது, ஏறியதும் தாவிவிடுகிறது”

கிரெஸ்டட் கெக்கோ தாவுவதற்குப் பயம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். தாவுவதே அதன் நடை. நிறுத்த முயலாமல், தாவினாலும் அடிபடாதபடி இடத்தை அமைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நாய் பூனைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு எந்த கெக்கோவையும் கையில் வைத்திருக்காதீர்கள். லெபர்ட் கெக்கோவுக்குச் சுவரில் ஒட்டும் விரல் இல்லை, தாவிப் பழக்கமும் இல்லை. மார்பளவு உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பே முறியலாம்.

ஓடத் துடிக்கும் கெக்கோவை இறுக்கிப் பிடிப்பது மிக மோசமான வழி. அது நடக்கட்டும். அது நடக்கும் திசையில் மற்றக் கையை முன்னால் வையுங்கள். அந்தக் கையில் ஏறியதும் பின்னால் இருக்கும் கையை எடுத்து முன்னால் கொண்டுவாருங்கள். ஓடிக்கொண்டே இருந்தும் போய்ச்சேர இடமில்லாமல், எதுவும் துரத்தவுமில்லை என்று தெரிந்ததும் வேகம் தானாகக் குறையும். வயிறும் நான்கு காலும் எப்போதும் தாங்கலில் இருக்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் எந்த கெக்கோவும் பதறும்.

சட்டையிலோ தோளிலோ ஒட்டிக்கொண்ட கிரெஸ்டட் கெக்கோவைப் பின்னோக்கிப் பிய்க்காதீர்கள். அதன் விரலடியில் உள்ள நுண்ணிய இழைகள் இழுக்க இழுக்க இன்னும் பிடிக்கும். விடுவிக்க வேண்டுமென்றால் அது தன் விரல்நுனியை மேல்நோக்கிச் சுருட்டி உரித்தெடுக்க வேண்டும். உற்றுப் பார்த்தால் ஒவ்வோர் அடிக்கும் அந்தச் சுருட்டல் நடப்பது தெரியும். ஆகவே முன்னால் கையை வைத்து, அதையே நடந்துவர விடுங்கள்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் பழகிய பிறகும் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 

“கையில் எச்சமிடுகிறது”

பயம். சில நேரம் வெறும் தற்செயல். டிஷ்யூவால் துடைத்துவிட்டு, அது அமைதியானதும் திரும்ப விடுங்கள். ஒவ்வொரு முறையும் நடந்தால் ஒரு கட்டம் பின்னால் போக வேண்டும். சாப்பிட்ட அன்று கையில் எடுக்காமல் இருப்பது நல்லது, குறிப்பாக உணவைக் கக்கும் பழக்கம் உள்ளதை.

“வால் விழுந்துவிட்டது”

வாலைப் பிடித்ததால் விழலாம், பிடிக்காமல் வெறும் பயத்திலும் விழலாம். விழுந்த வால் துள்ளிப் புரளும். எதிரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உடம்புக்காரர் தப்பிவிடுவது இயற்கையின் ஏற்பாடு. வாலின் உள்ளேயே அதற்கான முறிவிடம் இருக்கிறது. முறிந்ததும் தசை சுருங்கி இரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும், ஆகவே இரத்தம் அதிகம் வராது.

கட்டுப் போட வேண்டாம், களிம்பும் தடவ வேண்டாம். தொட்டியில் மண்ணோ மட்டைத்தூளோ இருந்தால் எடுத்துவிட்டு வெள்ளை டிஷ்யூ விரியுங்கள்; தினமும் மாற்றுங்கள். வேறு கெக்கோ உடன் இருந்தால் பிரித்து வையுங்கள். சூட்டைச் சரியாக வைத்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக உணவு கொடுங்கள். லெபர்ட் கெக்கோவின் கொழுப்புச் சேமிப்பே வாலில்தான் இருக்கிறது, அது போய்விட்டது அல்லவா. காயம் வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, நாற்றம் எடுத்தாலோ மருத்துவர். ஆறி முடியும்வரை கையில் எடுக்கும் பேச்சே வேண்டாம்.

லெபர்ட் கெக்கோவுக்குச் சில மாதங்களில் புது வால் வளரும். பழையதைவிடக் குட்டையாக, கிழங்குபோல் தடித்து, தோல் வழவழப்பாக இருக்கும். கிரெஸ்டட் கெக்கோவுக்குத் திரும்ப வளராது. அதற்காகக் கலங்க வேண்டாம்: காட்டில் உள்ள வளர்ந்த கிரெஸ்டட் கெக்கோக்களில் பெரும்பாலானவை வாலில்லாமல்தான் நன்றாக வாழ்கின்றன.

“கையில் எடுத்த நாளிலிருந்து சாப்பிடவில்லை”

கையில் எடுப்பதை உடனே நிறுத்துங்கள். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி வாரம் ஒருமுறை, அதே நாளில், எடை குறித்துவையுங்கள். மூடியுள்ள ஒரு டப்பாவுக்குள் அது தானாக நுழையும்படி செய்து டப்பாவோடு நிறுத்தால், எடை பார்ப்பதற்காக அதைப் பிடிக்க வேண்டியதில்லை.

வளர்ந்த லெபர்ட் கெக்கோ நன்றாக இருக்கும்போதே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் சாப்பிடும். வால் கொழுப்பாக இருக்கும்வரை ஒரு வாரம் மறுத்தாலும் ஆபத்தில்லை. குட்டி தினமும் சாப்பிட வேண்டியது. அதற்கு அவ்வளவு அவகாசம் கொடுக்க முடியாது. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டாலோ, வால் மெலிந்து குச்சியாகிக்கொண்டே போனாலோ, எச்சம் தண்ணீராகப் போனாலோ, அது பயத்தைத் தாண்டிய விஷயம். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் புது எச்சத்தோடு போங்கள்.

“நன்றாகப் பழகியது, திடீரென்று மாறிவிட்டது”

முதலில் தோலைப் பாருங்கள். நிறம் மங்கி, சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருந்தால் தோல் உரிக்கப் போகிறது. அந்த நாட்களில் தோல் கூசும், தொட்டால் எரிச்சல்படும். உரித்து, உரித்ததைத் தின்று முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். பிறகு விரல்நுனிகளைப் பாருங்கள். வளையம்போல் மிச்சத் தோல் இறுகியிருந்தால் விரலே போய்விடும். ஈர மறைவிடத்தில் ஊறவிட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

பெண் கெக்கோவாக இருந்தால் முட்டைக் காலமாக இருக்கலாம். ஆண் துணை இல்லாமலும் முட்டை இடும். அந்தச் சமயத்தில் மண்ணைத் தோண்டும், உணவை மறுக்கும், தொட்டால் எரிந்துவிழும். ஈர மண் வைத்த ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு ஒதுங்குங்கள்.

இவை இரண்டும் இல்லாவிட்டால் வலியைச் சந்தேகிக்க வேண்டும். கால் நடுங்குவது, வளைவது, தாடை ரப்பர்போல் இளகியிருப்பது, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுவது ஆகியவை கால்சியமும் வைட்டமின் டி3-யும் போதாததால் வரும் எலும்பு நோயின் அடையாளங்கள். அந்த நிலையில் கையில் எடுத்தால் வலிக்கும், எலும்பும் முறியலாம். இதைக் குணம் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாகக் கையில் எடுத்துப் பழக்க முயல்வது கொடுமை.

“மாதக்கணக்கில் முயன்றும் பலனில்லை”

சில கெக்கோக்கள் பழகாது. காட்டில் பிடிக்கப்பட்டவற்றிடம் இதை அதிகம் பார்க்கலாம். டோக்கே கெக்கோ இதற்குப் பேர்போனது. அதன் தாடை பலமானது, கவ்வினால் எளிதில் விடாது, தோலையும் கிழிக்கும். பொறுமையாளர்கள் சிலர் அதையும் பழக்கியிருக்கிறார்கள். முதல் கெக்கோவாக அதை வாங்கியவர்களுக்கு நான் அந்த முயற்சியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழகாத கெக்கோவையும் சில சமயம் இடம் மாற்றித்தான் ஆக வேண்டும்: தொட்டி கழுவ, எடை பார்க்க, மருத்துவரிடம் போக. அதற்குக் கை தேவையில்லை. ஒளி ஊடுருவாத, காற்றுத் துளையிட்ட ஒரு டப்பாவைப் பக்கவாட்டில் சாய்த்து, வாய் அதன் முகத்துக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். உள்ளே ஒரு டிஷ்யூவைக் கசக்கிப் போட்டால் அதற்கு ஒளிய இடம் கிடைக்கும். பின்னாலிருந்து ஓர் அட்டையை மெதுவாக நகர்த்தினால் இருட்டைப் பார்த்து அதுவாகவே உள்ளே போய்விடும், மூடியைச் சாத்திவிடலாம். அந்த டப்பாவை எப்போதும் தொட்டியின் ஒரு மூலையிலேயே வைத்திருந்தால் பல கெக்கோக்கள் அதை இன்னொரு மறைவிடமாகவே எடுத்துக்கொள்ளும். அப்போது மூடியைப் போட்டு டப்பாவோடு வெளியே எடுத்துவிடலாம். அட்டைக்குக்கூட வேலை இருக்காது.